கப்பல்காரர் கவர்னரான கதை: லா பூர்தொனேயின் வாழ்க்கையைத் தேடி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி வெள்ளை நகரத்துத் தெருக்களில் ஒன்றுக்கு மாஹே த லா பூர்தொனேயின் பெயர். படம் எடுக்க வருகிறவர்கள் மஞ்சள் சுவரைப் பார்ப்பார்களே தவிர நீலப் பலகையைப் பார்ப்பதில்லை. பலகையில் இருப்பவர் பத்து வயதில் கப்பல் ஏறியவர். 1735-இல் மொரீஷியஸ், ரீயூனியன் ஆகிய இரண்டு தீவுகளுக்கும் கவர்னர் ஆனார். 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னப்பட்டணத்தைப் பிடித்தார். அதற்குப் பரிசாக பாரிஸில் பஸ்தீய் சிறை கிடைத்தது.

இவரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்ற வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். பிரெஞ்சு தெரியாதே என்று பின்வாங்க வேண்டாம். ஐரோப்பியர் பலர் மொழிபெயர்ப்பில் மட்டும் படிக்கிற ஒரு சாட்சியை நாம் மூலத்திலேயே படிக்கலாம். அது யார் என்று ஐந்தாம் படியில் வருகிறது.

படி 1: பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள்

முழுப்பெயர் பெர்த்ரான் பிரான்சுவா மாஹே த லா பூர்தொனே. வெறும் 'லா பூர்தொனே' என்று இணையத்தில் தேடினால் முதலில் சதுரங்கம்தான் வந்து நிற்கும். 1834-இல் லண்டனில் மெக்டானலோடு மாதக்கணக்கில் ஆடி வென்ற செஸ் வீரர் லூயி ஷார்ல் லா பூர்தொனே நம்மாளின் பேரன். விரட்டிவிடாதீர்கள், அவரும் நமக்கு வேண்டியவர். தாத்தாவின் நினைவுக் குறிப்புகளை 1827-இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் அந்தப் பேரன்தான். ஆகவே அந்தப் புத்தகத்தைப் பேரன் தாத்தாவுக்கு எடுத்த வக்காலத்து என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்னொரு குழப்பம் 'மாஹே'. கேரளக் கரையில் இருக்கும் மாஹேயை, அதாவது மய்யழியை, 1720-களின் நடுவில் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது இவர் அங்கே பேர் வாங்கினார். ஊரைப் பிடித்ததால் ஊர்ப்பெயர் இவரோடு ஒட்டிக்கொண்டது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மாஹே இவருடைய குடும்பப் பெயர், பிறக்கும்போதே இருந்தது. செஷல்ஸின் மாஹே தீவுக்கும் மொரீஷியஸின் மாஹேபூர் ஊருக்கும் மட்டும் தாராளமாக இவர் பெயரைக் காரணமாகச் சொல்லலாம்.

படி 2: ஒரே தாளில் எலும்புக்கூடு

முதலில் ஒரு தாளில் ஆண்டுகளை மட்டும் எழுதுங்கள். 1699 பிப்ரவரி 11, சேன் மாலோ துறைமுகத்தில் பிறப்பு. 1718, பிரெஞ்சுக் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கப்பல் வேலை. 1735, கவர்னராகத் தீவுக்கு வருகை. 1740, தாய்நாட்டுப் பயணம். 1746, சென்னப்பட்டணம். 1748, சிறை. 1751, விடுதலை. 1753 நவம்பர் 10, மரணம்.

இந்தத் தாளில் எங்கே இடைவெளி அதிகமாக இருக்கிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது. பெரும்பாலோர் 1746-க்குத் தாவிவிடுவார்கள். கும்பினி வேலைக்கும் கவர்னர் பதவிக்கும் நடுவே இவர் சொந்த வியாபாரம் செய்தார், கோவாவில் போர்த்துகீசியரிடமும் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். கவர்னர் பதவி வந்தபோது இவர் பாதி வியாபாரி, பாதி மாலுமி. பின்னாளில் பணப் புகார் எழுந்தபோது எல்லோரும் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினார்கள் என்பதற்கு விடை இந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

படி 3: இரண்டு நாள்காட்டி, இல்லை, மூன்று

நான் கோட்டை விட்ட இடம் இது. முதன்முதலில் இவரைப் பற்றி ஒரு ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதியபோது, சென்னப்பட்டணம் செப்டம்பர் 10-ஆம் தேதி சரணடையப் பேசியதாகவும் 21-ஆம் தேதி சரணடைந்ததாகவும் எழுதிவிட்டேன். நடுவே பதினொரு நாள் பேச்சுவார்த்தை என்று அலங்காரமாக ஒரு பத்தி வேறு. இரண்டும் ஒரே நாள்!

1752 வரை இங்கிலாந்து பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. பிரான்ஸ் கிரிகோரியனுக்கு எப்போதோ மாறிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். ஆங்கிலேயக் காகிதத்தில் 10 என்றால் பிரெஞ்சுக் காகிதத்தில் 21.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. லா பூர்தொனே அக்டோபர் 23-ஆம் தேதி சென்னையை விட்டுக் கப்பலேறினார் என்று ஒரு புத்தகம் சொல்லும். பிரெஞ்சுக்காரருக்கும் ஆற்காட்டு நவாப் படைக்கும் மூண்ட அடையாறு சண்டை அக்டோபர் 24-இல் நடந்தது என்று இன்னொன்று சொல்லும். 'அவர் கிளம்பிய மறுநாளே சண்டை' என்று எழுதக் கை பரபரக்கும். முதலாவது புதுக் கணக்கு, இரண்டாவது பழைய கணக்கு. சண்டையைப் புதுக் கணக்கில் வைத்தால் நவம்பர் 4. நடுவில் 12 நாள் ஓடியிருக்கிறது.

மூன்றாவது நாள்காட்டி நம்முடையது. 1746 ஏப்ரலில் பிறந்தது அட்சய வருடம். தமிழ்க் குறிப்புகளில் 'அட்சய வருஷம் புரட்டாசி மாதம்' என்று பார்த்தால் சென்னப்பட்டணம் விழுந்த நாட்களுக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். தாளில் மூன்று பத்தி போட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மூன்று தேதியையும் எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பாதி 'முரண்பாடுகள்' இதிலேயே கரைந்துவிடும்.

படி 4: கவர்னர் நாற்காலிக்கு முன் காற்றைப் படியுங்கள்

கப்பல்காரர் ஒருவர் கவர்னராகும்போது, அவர் எடுக்கும் முடிவுகளை அரசியலாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். 'இப்போது காற்று எந்தப் பக்கம்?' என்ற கேள்வி அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

1746 கதையைக் காற்றை வைத்துச் சொல்லிப்பாருங்கள். அந்த வருட முற்பகுதியில் மொரீஷியஸிலிருந்து கிளம்பினார். மடகாஸ்கர் பக்கம் புயல் அடித்துப் பாய்மரங்கள் முறிந்தன. அன்டோங்கில் விரிகுடாவில் ஒதுங்கி, காட்டு மரத்தை வெட்டிக் கப்பல்களைச் செப்பனிட்டார். ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு வெளியே ஆங்கிலக் கப்பற்படையோடு சண்டை. ஆங்கிலத் தளபதி பார்னெட் சில மாதம் முன்புதான் இறந்திருந்தார். அவருக்கு அடுத்து வந்த பெய்டன், சண்டை முடிவு தெரியாமலேயே திருகோணமலைக்கு விலகினார், பிற்பாடு வங்காளத்துக்கும் போய்விட்டார். சென்னைக்குக் கடல் காவல் இல்லை. செப்டம்பர் நடுவில் இவர் ஆட்களை இறக்கினார், ஒரு வாரத்தில் கோட்டை விழுந்தது.

சரி, கோட்டை கையில் வந்த பிறகு இவர் ஏன் இத்தனை அவசரப்பட்டார்? 11 லட்சம் வராகன் (அந்தக் காலத்துத் தங்கக் காசு) மீட்புத்தொகைக்கு ஊரைத் திருப்பித் தருவதாக ஏன் ஒப்பந்தம் பேசினார்? புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் ஆட்கள் சொன்ன பதில் லஞ்சம். லஞ்சத்துக்கு வருவோம், அதற்கு முன் கடலைப் பாருங்கள். அந்தக் காலத்துச் சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே, ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுதான் ஓடும். வாடைக்காற்று திரும்பினால் அந்த நங்கூரம் எதற்கும் உதவாது. அக்டோபர் நடுவுக்குள் கரையை விட்டு விலகிவிட வேண்டும் என்பது சோழமண்டலக் கரைக்கு வரும் எல்லா மாலுமிக்கும் தெரிந்த பாடம். 'ஐப்பசி அடைமழை' நமக்கும் தெரிந்ததுதான்.

அவர் நேரத்துக்குக் கிளம்பவில்லை. பாண்டிச்சேரியோடு கடிதச் சண்டையிலேயே நாள் போனது. புதுக் கணக்கில் அக்டோபர் 13, ஐப்பசி பிறக்கும் தறுவாய். பகல் முழுக்க வானம் தெளிவாக இருந்தது என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதுகிறார். அவர் தருவது அக்டோபர் 2. உங்கள் மூன்று பத்தித் தாளை எடுங்கள், அதே நாள்தான். அன்று ராத்திரி புயல். கொள்ளையும் சரக்கும் ஏற்றிக்கொண்டு நின்ற கப்பல்களில் சில ஆட்களோடு மூழ்கின, மிஞ்சியவற்றில் பல பாய்மரம் இழந்தன. கரையில் கோட்டைக்குள் இருந்த லா பூர்தொனேயால், கடலில் தன் கப்பற்படை அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. தென்னிந்தியக் கடலில் ஆங்கிலேயரை ஒழிக்கலாம் என்ற திட்டம் அந்த ராத்திரியோடு முடிந்தது. இவருடைய வாழ்க்கைக்கு ஒரே ஒரு நாளைத்தான் விரிவாக எழுதலாம் என்றால் நான் இந்த நாளைத்தான் எடுப்பேன், கோட்டை விழுந்த நாளை அல்ல.

படி 5: ஆனந்தரங்கப் பிள்ளையிடம் போங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல

1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினார் ஆனந்தரங்கப் பிள்ளை. சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர், வியாபாரி, பின்னாளில் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். லா பூர்தொனே புதுச்சேரியில் வந்து இறங்கியது, இரண்டு துரைமாருக்கும் ஆரம்பித்த உரசல், சென்னப்பட்டணத்திலிருந்து வந்த சேதி எல்லாம் இதில் இருக்கின்றன. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. நமக்கு வேண்டியது 2, 3-ஆம் தொகுதிகள். தமிழில் புதுச்சேரியில் அச்சான பதிப்பு நூலகங்களில் கிடைக்கும்.

தமிழிலேயே படியுங்கள். முதல் நாலு பக்கம் தலை சுற்றும். வாக்கியம் முடியவே முடியாது. கும்பினி, முசியே, கப்பித்தான், சொல்தாது என்று பிரெஞ்சும் போர்த்துகீசியமும் வேட்டி கட்டிக்கொண்டு நடக்கும். பெயர்கள் நாம் எழுதுவது போல இருக்காது, ஒரே ஆள் பக்கத்துக்கு ஒரு விதமாக வருவார். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும், ஏனென்றால் அது பேசுவதை அப்படியே எழுதிய தமிழ். நான் ஒரு சின்ன நோட்டில் இடது பக்கம் பிள்ளை எழுதும் பெயரும் வலது பக்கம் இன்றைய பெயருமாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் நோட்டைப் பார்க்காமலேயே படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இதில் எச்சரிக்கை இரண்டு. ஒன்று, பிள்ளை அந்த நாட்களில் புதுச்சேரியில் இருந்தார், சென்னையில் அல்ல. ஆகவே கோட்டைக்குள் நடந்ததாக அவர் எழுதுவது கேள்விப்பட்டது. புதுச்சேரியில் துரை வீட்டு முற்றத்தில் நடந்ததாக எழுதுவது பார்த்தது. பக்க ஓரத்தில் 'கே', 'பா' என்று குறித்துக்கொண்டே போங்கள். இரண்டு, அவர் துய்ப்ளேக்ஸ் பக்கத்து மனிதர். லா பூர்தொனேயைப் பற்றி வரும் கசப்பில் எவ்வளவு பிள்ளையுடையது, எவ்வளவு துய்ப்ளேக்ஸ் வாயிலிருந்து வந்தது என்று பிரிப்பது கஷ்டம். பிரிக்க முடியாத இடத்தில் பிரித்துவிட்டதாக நடிக்காதீர்கள்.

அந்த உரசலின் வேர் அதிகாரம். லா பூர்தொனேக்குக் கும்பினி வேலையோடு அரசரின் கடற்படைப் பட்டமும் இருந்தது. கடலிலும், கடலிலிருந்து நான் பிடித்த இடத்திலும் என் சொல்தான் செல்லும் என்றார் அவர். இந்தியாவில் பிரெஞ்சுக் கொடி பறக்கும் இடமெல்லாம் என் பொறுப்பு என்றார் துய்ப்ளேக்ஸ். போதாததற்கு அவர் சென்னையை ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனிடம் ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஊரை ஒருவர் ஆங்கிலேயருக்கு விற்கப் பேசினார், இன்னொருவர் நவாபுக்குத் தருவதாகப் பேசினார். கடைசியில் துய்ப்ளேக்ஸ் இரண்டையும் மீறித் தானே வைத்துக்கொண்டார். அதன் விளைவுதான் அடையாறு சண்டை.

படி 6: தீவுக்குப் போகும்போது யார் கல் சுமந்தது என்று கேளுங்கள்

மொரீஷியஸில் இவர் கதை ஒரு கட்டடப் பட்டியலாகத்தான் சொல்லப்படும். போர் லூயியைத் துறைமுகமாகவும் தலைநகராகவும் ஆக்கினார். மருத்துவமனை, தண்ணீர்க் கால்வாய், கப்பல் பழுதுபார்க்கும் இடம், பஞ்சத்துக்கு உதவ மரவள்ளி, வில்பாகில் சர்க்கரை ஆலை. பாம்பிள்மூஸில் இன்று ஊர் உலகம் பார்க்கும் தாவரவியல் தோட்டம் இவர் வீட்டுத் தோட்டமாகத் தொடங்கியது. போர் லூயி கடற்கரைச் சதுக்கத்தில் 1859-இல் வைத்த சிலை இன்றும் நிற்கிறது.

எல்லாம் உண்மை. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து எழுதினால் கட்டுரை கல்வெட்டு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரே 'கட்டியது யார்?' என்று ஒரு பத்தி போடுங்கள். மடகாஸ்கர், மொசாம்பிக், மேற்கு ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய இடங்களிலிருந்து கொண்டுவந்த அடிமைகள். கவர்னர் அடிமை இறக்குமதியைப் பெருக்கினார், தானும் அதில் வியாபாரம் செய்தார். காட்டுக்குள் தப்பி ஓடியவர்களை வேட்டையாட, அடிமைகளிலிருந்தே ஆள் எடுத்துப் படை அமைத்தார். கப்பலில் ஒழுங்கு காத்த பழக்கம் தீவில் இப்படி வடிவம் எடுத்தது.

தமிழருக்கு இங்கே நேரடித் தொடர்பு உண்டு. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார், தச்சர், கருமார் என்று கைத்தொழில்காரர்களை இவர் தீவுக்கு வரவழைத்தார். கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர் போவதற்கு நூறு வருடம் முன்பே போனவர்கள் இவர்கள். போர் லூயியில் அவர்கள் வாழ்ந்த பகுதிக்குப் பின்னாளில் 'மலபார் குடியிருப்பு' என்றே பெயர் விழுந்தது. தமிழரை மலபார்கள் என்று அழைப்பது அன்றைய ஐரோப்பிய வழக்கம். ஆகவே பிரெஞ்சுக் காகிதங்களில் 'மலபார்' என்று வந்தால் உடனே கேரளம் என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 7: பணத்தைத் தனித் தாளில்

மீட்புத்தொகை 11 லட்சம் வராகன். இது வெளிப்படையான ஒப்பந்தம், கும்பினிக்குப் போக வேண்டியது. அதற்கு மேல் இவருக்குத் தனியாக ஒரு தொகை பேசப்பட்டது என்பதுதான் புகார். இரண்டையும் கலந்துவிட்டு 'லட்சக்கணக்கில் லஞ்சம்' என்று எழுதும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

விசாரணையில் இவர் விடுதலையானார். ஆனால் அதற்குப் பிறகு லண்டனில் ஆங்கிலக் கும்பினியின் பழைய காகிதங்களில், தனியாக ஒரு லட்சம் வராகன் பேசப்பட்டதைக் காட்டும் 1752-ஆம் வருடத்து வழக்குத் தாள் ஒன்று வரலாற்றாசிரியர் கண்ணில் பட்டது. என் கருத்தைக் கேட்டால், இவர் அன்பளிப்பு வாங்கச் சம்மதித்திருக்கலாம். ஆனால் அதற்காகவே ஊரைத் திருப்பிக் கொடுக்கப் பேசினார் என்பதை ஏற்க மாட்டேன். நாள்காட்டியும் காற்றும் அதற்கு முன்பே அவரைக் கிளம்பச் சொல்லிக்கொண்டிருந்தன.

வராகனை ரூபாயாக மாற்ற முயலாதீர்கள். சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 36 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு, ஆனால் ஊருக்கு ஊர் மாறும். இன்றைய மதிப்பு இத்தனை கோடி என்று போடுவது வேடிக்கைக்குத்தான் ஆகும்.

ஆங்கிலேயர் தரப்புக் காகிதங்களைச் சென்னைக் கோட்டை ஆவணங்களில் மட்டும் தேடி ஏமாறாதீர்கள். கோட்டை விழுந்ததும் நிர்வாகம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய்விட்டது. 1749-இல் சென்னை திரும்பக் கிடைத்த பிறகும் 1752 வரை தலைமை அங்கேதான். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் செயின்ட் டேவிட் கோட்டைத் தொகுதிகளைக் கேளுங்கள்.

படி 8: சுவையான கதைகளுக்கு ஒரு சல்லடை

கும்பினி இயக்குநர் ஒருவர், 'உன் சொந்தக் காரியம் இவ்வளவு செழித்திருக்கிறது, எங்கள் காரியம் மட்டும் ஏன் இப்படி?' என்று கேட்டாராம். 'என் காரியத்தை என் புத்திப்படி நடத்தினேன், உங்கள் காரியத்தை உங்கள் உத்தரவுப்படி நடத்தினேன்' என்றாராம் இவர். நல்ல பதில், கொஞ்சம் அதிகமாகவே நல்ல பதில். போடுங்கள், ஆனால் 'சொல்வார்கள்' என்று சேர்த்துப் போடுங்கள்.

சிறைக் கதை இன்னும் மேல். ஊர் திரும்பும் வழியில் டச்சுக் கப்பலில் வந்தவரை ஆங்கிலேயர் ஃபால்மத்தில் பிடித்தார்கள். லண்டனில் மரியாதையாக நடத்தினார்கள், வாக்கை நம்பிப் பிரான்சுக்கும் அனுப்பினார்கள். எதிரி நாடு விட்டது, சொந்த நாடு 1748 மார்ச்சில் பஸ்தீயில் அடைத்தது. பேனாவும் தாளும் கொடுக்கவில்லை. அப்போது இவர் கைக்குட்டையைக் கஞ்சித் தண்ணீரில் முக்கி உலர்த்தி விறைப்பாக்கி, காப்பிக் கசடையும் கரியையும் மையாக்கி, செப்புக் காசை வளைத்துப் பேனாவாக்கி, தன் பக்க நியாயத்தையும் நினைவிலிருந்த வரைபடத்தையும் எழுதினார் என்று சொல்கிறார்கள். துணிக்குக் கஞ்சி போட்டுப் பழகிய வீட்டில் வளர்ந்த எனக்கு இது நம்பக்கூடியதாகவே படுகிறது. ஆனாலும் நம்பக்கூடியது வேறு, நிரூபிக்கப்பட்டது வேறு. 1750-இல் அச்சான இவருடைய தற்காப்பு மனு உறுதியாக இருக்கிறது. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் இந்தக் காலத்து அச்சு நூல்கள் காசில்லாமல் கிடைக்கும்.

படி 9: எங்கே நிறுத்துவது

சிறையிலிருந்து 1751 பிப்ரவரியில் வெளியே வந்தபோது உடம்பு போய்விட்டது. மூன்று வருடம் ஆவதற்குள் இறந்தார். அடுத்த வருடமே துய்ப்ளேக்ஸையும் பதவியிலிருந்து எடுத்து ஊருக்கு அழைத்துக்கொண்டார்கள். அவரும் கும்பினியோடு பண வழக்கு நடத்தியே 1763-இல் காலமானார்.

இருவரும் இறந்த நாளாகப் பெரும்பாலும் நவம்பர் 10-ஐத்தான் போட்டிருப்பார்கள், சரியாகப் பத்து வருட இடைவெளி. கட்டுரையை அங்கே கொண்டுபோய் முடிக்கக் கை துறுதுறுக்கும். மாதா கோயில் இறப்புப் பதிவைக் கண்ணால் பார்க்கும் வரை அந்த வரியைப் பென்சிலிலேயே வைத்திருங்கள்.